திங்கள் 11 மணி மீட்டிங்கை அரை மணி நேரம் தள்ளிவைத்தேன், தீபாவளியே திரும்பி வந்தது

சென்னையில் மென்பொருள் திட்டங்களை ஒருங்கிணைக்கும் வேலை எனக்கு. பாதி நாள் காலண்டரோடுதான் குடித்தனம். திங்கள்தோறும் காலை 11 மணிக்கு ஒரு மீட்டிங், இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அவுட்லுக் காலண்டரில் நான்தான் ஆர்கனைசர், அதாவது அழைப்பு அனுப்புபவன்; அழைப்புப் பட்டியலில் 23 பேர். அதில் நான் போட்ட ஒட்டுகளுக்கு அளவே இல்லை. ஒரு வாரம் நீக்கியிருப்பேன், ஒரு வாரம் மதியத்துக்குத் தள்ளியிருப்பேன், ஒரு வாரம் ரூம் மாற்றியிருப்பேன். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதனால் அந்த வார மீட்டிங்கை மட்டும் 22, புதனுக்கு முன்கூட்டியே நகர்த்தி வைத்திருந்தேன்.

செப்டம்பரில் மேலாளர், “பதினொன்றரைக்கு வைத்துக்கொள்ளலாமே, 11 மணிக்கு யாரும் வந்து சேருவதில்லை” என்றார். சரி என்று மொத்த சீரிஸையும், அதாவது வாராவாரம் வரும் தொடர் முழுவதையும், திறந்து 11-ஐ 11.30 ஆக்கினேன். தனியாக மாற்றிய நாட்கள் எல்லாம் பழையபடி சீரிஸோடு சேர்ந்துவிடும் என்ற பொருளில் ஒரு பெட்டி வந்தது. படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஓகே அமுக்கினேன், அப்டேட் அனுப்பினேன், காபி குடிக்கப் போனேன்.

தீபாவளி அன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் விழுங்கி, அதிரசத்தைக் கையில் எடுத்த நேரத்தில் போன் அடித்தது. நெதர்லாந்து வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் அவர்கள் ஊர் நேரம் காலை 8 மணிக்கு லிங்கைத் திறந்து காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலண்டரில் மீட்டிங் இருந்தது. என் காலண்டரிலும் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. புதன் 22 காலியாக இருந்தது. நான் நகர்த்தியது, நீக்கியது, எதுவுமே மிச்சமில்லை. தப்பு முழுக்க என்னுடையதுதான், பெட்டி எச்சரித்தது.

தொடர் மீட்டிங் என்றால் நூறு தனித்தனி மீட்டிங்குகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரே ஒரு விதி, கூடவே விதிவிலக்குகளின் பட்டியல். விதியில் கைவைத்தால் பட்டியல் போகும். இப்போதெல்லாம் நேரம் மாற வேண்டும் என்றால் பழைய சீரிஸுக்கு முடிவுத் தேதி போட்டு நிறுத்திவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறேன். அதற்கு முன் வரப்போகும் விதிவிலக்குகளை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்கிறேன். ஆமாம், காகிதத்தில். இதுபோல மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து, நிர்வாக இயக்குநரின் செயலாளர்

தம்பி, அந்தப் பெட்டியை யாருமே படிப்பதில்லை. மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

என் பிரச்சினை எப்போதும் ஆட்கள்தான். எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் 40 பேர். ஒருவரைப் புதிதாகச் சேர்த்தால், அப்டேட்டை எல்லாருக்கும் அனுப்பவா, சேர்த்தவர், எடுத்தவருக்கு மட்டும் அனுப்பவா என்று அவுட்லுக் கேட்கும். ஆரம்ப காலத்தில் எல்லாருக்கும் என்றே அமுக்குவேன், அதுதான் மரியாதை என்று நினைத்து. ஒரே வாரத்தில் நான்கு பேரை ஒவ்வொருவராகச் சேர்த்தேன். எம்.டி. கூப்பிட்டு, “ஏம்மா, ஒரே கூட்டத்துக்கு நான் எத்தனை தடவை வருகிறேன் என்று சொல்ல வேண்டும்?” என்றார். அதிலிருந்து நேரமோ இடமோ மாறினால்தான் எல்லாருக்கும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவரை ஒரு மாதக் கூட்டத்துக்கு மட்டும் அழைக்கச் சொன்னார்கள். அந்த ஒரு நாளைத் திறந்து சேர்ப்பதற்குப் பதில் சீரிஸைத் திறந்து சேர்த்துவிட்டேன். அவரும் அக்செப்ட் செய்துவிட்டார். அடுத்த மாதம் பட்டியலில் பெயர் கண்ணில் பட்டதும் பதறிப்போய் எடுத்தேன். எடுத்தால் அவருக்கு என்ன மெயில் போகும்? கூட்டம் ரத்து என்று போகும். உங்களை எடுத்துவிட்டோம் என்று போகாது. தங்கமான மனிதர், தனக்குத் தெரிந்த மூன்று பேருக்கும் போன் போட்டு “கூட்டம் கேன்சலாம்” என்று சொல்லிவிட்டார். மூன்று பேரும் வரவில்லை. இப்போது யாரை எடுப்பதானாலும் முதலில் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை 11 மணிக்கு ஒரு வாராந்திரக் கூட்டம் தொடங்க வேண்டும் என்றார் எம்.டி. வெள்ளி 10.30 முதல் 12 வரை ராகு காலம். “தொடக்கம்தானே முக்கியம், முதல் வாரம் மட்டும் 10.15-க்குப் போடு” என்றார். ஆக அந்த சீரிஸுக்கு முதல் நாளே விதிவிலக்கு. பிறகு ஒரு தடவை நான் சீரிஸை மாற்றியதில் அந்த முதல் நாள் ராகு காலத்துக்கே திரும்பிப் போய்விட்டது. நடந்து முடிந்த கூட்டம்தான், ஆனாலும் அவரிடம் சொல்லவில்லை.

மயிலாப்பூர், பாட்டு டீச்சர்

நீங்கள் எல்லாம் ஆபீஸ்காரர்கள். நான் வீட்டிலிருந்து ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை வகுப்பில் நியூஜெர்சியிலிருந்து மூன்று பிள்ளைகள், லண்டனிலிருந்து ஒருத்தி. கூகுள் காலண்டரில் இந்திய நேரம் மாலை 7.30 என்று போட்டு நான்கு பேர் வீட்டுக்கும் அனுப்பினேன். குளிர்காலத்தில் அது நியூஜெர்சிக்குக் காலை 9, லண்டனுக்கு மதியம் 2. எல்லாருக்கும் சௌகரியம்.

மார்ச் வந்தது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். நம் நேரம் மாறாதே, ஆகவே என் 7.30 அவர்களுக்குக் காலை 10 ஆகிவிட்டது. காலண்டர் சரியாக 10 என்றுதான் காட்டியது. ஆனால் காலண்டரை யார் பார்க்கிறார்கள்? ஒன்பது மணிக்கே பிள்ளைகள் தம்புராவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அப்போது மணி ஆறரை, நான் கபாலீஸ்வரர் கோயிலில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். போனில் பதினோரு மிஸ்டு கால்.

நிகழ்ச்சியின் நேர மண்டலத்தை நியூயார்க் என்று மாற்றிவிடுங்கள் என்றாள் என் பெண். நேரத்துக்குப் பக்கத்திலேயே அந்த வசதி இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. மாற்றினேன். நியூஜெர்சிக்கு வருடம் முழுக்க 9 மணி, எனக்கு கோடையில் 6.30, குளிரில் 7.30. நிம்மதி என்று நினைத்தேன். லண்டன் குழந்தையின் அம்மாவிடமிருந்து மெசேஜ்: “டீச்சர், இந்த வாரம் ஏன் ஒரு மணிக்கு? நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போமே?”

அங்கே கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு! 2025-இல் அமெரிக்கா 9-ஆம் தேதி மாற்றியது, இங்கிலாந்து 30-ஆம் தேதி. நடுவில் 15, 22, 29 என்று மூன்று சனிக்கிழமைகள் லண்டனுக்கு வகுப்பு ஒரு மணிக்கு வந்து, அப்புறம் தானாகவே இரண்டு மணிக்குத் திரும்பிப் போனது. அக்டோபரிலும் இந்தக் கதை உண்டு, ஆனால் இங்கிலாந்து கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு என்பதால் ஒரு சனிக்கிழமையோடு போய்விடும். மார்ச்தான் எனக்குக் கண்டம். இப்போது அந்த மூன்று சனிக்கிழமைகளை வருடத் தொடக்கத்திலேயே ‘திஸ் ஈவென்ட்’ (இந்த ஒரு நாள் மட்டும்) என்று தனித்தனியாகத் திறந்து, குறிப்பில் லண்டன் நேரத்தையும் எழுதி வைத்துவிடுகிறேன். நேரத்தில் கைவைப்பதில்லை. மெல்போர்னிலிருந்து ஒரு பெண் சேரக் கேட்டாள். அங்கே ஏப்ரலில் கடிகாரம் பின்னால் போகுமாம். அவளுக்குத் தனி வகுப்பு என்று சொல்லிவிட்டேன்.

பெங்களூரு, சிஸ்டம் அட்மின்

பேய் மீட்டிங் பார்த்திருக்கிறீர்களா? நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் புதன் 3 முதல் 4 வரை பெரிய ரூம் எப்போதும் புக் ஆகியே இருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள். வெளியே இடமில்லாமல் ஒரு டீம் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். விசாரித்தால், அதைப் போட்டவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. சீரிஸுக்கு முடிவுத் தேதி இல்லை. மீதிப் பேர் ஒவ்வொருவரும் தன் காலண்டரிலிருந்து மட்டும் நீக்கிக்கொண்டார்களே தவிர, ரூமை விடுவிக்க யாராலும் முடியவில்லை. ரூமைப் பொறுத்தவரை அழைத்தவர் சொன்னால்தான் சொல், அழைத்தவரோ இல்லை.

கூகுள் காலண்டரில் ஒரு நிகழ்ச்சியை வேறொருவர் பெயருக்கு மாற்ற ‘சேஞ்ச் ஓனர்’ இருக்கிறது. அவருக்கு மெயில் போகும், அவர் ஏற்றுக்கொண்டால் கைமாறும். அவுட்லுக்கில் ஆர்கனைசரை மாற்ற வழியே இல்லை. பழையதை ரத்து செய்து, புதியவர் புதிதாகப் போட வேண்டும். போனவரின் மெயில்பாக்ஸ் இன்னும் உயிரோடு இருந்தால் அட்மின் பவர்ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் கருவி) ‘ரிமூவ் காலண்டர் ஈவென்ட்ஸ்’ என்ற கட்டளையை ஓட்டி, அவர் அழைத்த கூட்டங்களை எல்லாம் ரத்து செய்யலாம். எதை எதை ரத்து செய்யும் என்று ப்ரிவ்யூ பார்த்துவிட்டு ஓட்டுங்கள். நான் பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன், இருநூறு பேருக்கு ரத்து மெயில் போனது, அந்தக் கதை வேண்டாம். இப்போது ஒருவர் ராஜினாமா கொடுத்தால் லேப்டாப், ஐடி கார்டோடு “நீங்கள் போட்ட தொடர் மீட்டிங்குகள் என்னென்ன?” என்றும் ஒரு வரி கேட்கிறோம்.

முதலில் எழுதியவருக்கு ஒன்று. புது சீரிஸ் போடும்போது ரூமையும் மறுபடி புக் செய்ய வேண்டும். அவுட்லுக்குக்குப் பின்னால் ஓடும் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் ரூம்களை 180 நாள் முன்கூட்டி வரைதான் புக் செய்யலாம் என்பதுதான் தொடக்க அமைப்பு. சீரிஸ் அதைத் தாண்டி ஓடினால் ரூம் மொத்தத்தையும் டிக்ளைன் செய்துவிடும், முதல் வாரத்தையும் சேர்த்து. “ரூம் காலியாகத்தானே இருக்கிறது, ஏன் தரவில்லை?” என்று வாரம் ஒருவராவது என்னிடம் சண்டைக்கு வருவார்.

காலண்டர் நிரல் எழுதியவன்

அந்த “விதி, விதிவிலக்குப் பட்டியல்” என்ற விளக்கம் உவமை இல்லை, அப்படியே உண்மை. காலண்டர் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஐகாலண்டர் வடிவத்தில் (இப்போதைய வரையறை 2009-இல் வந்தது, ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தரநிலை ஆவணம்) ஒரு வரி விதி இருக்கும், நீக்கிய தேதிகளுக்கு ஒரு வரி இருக்கும், மாற்றிய நாள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு இருக்கும். கூகுளில் ‘திஸ் அண்ட் ஃபாலோயிங்’ (இதுவும் இனி வருவதும்) கொடுத்தால் பழைய விதி அந்த நாளுக்கு முன்னால் வெட்டப்பட்டு, புது விதி ஒன்று பிறக்கிறது. நீங்கள் அவுட்லுக்கில் கையால் செய்வதை அது தானே செய்கிறது, அவ்வளவுதான்.

மாதக் கடைசி மீட்டிங் வைப்பவர்களுக்கு: 31-ஆம் தேதி என்று போடாதீர்கள். அந்த வரையறைப்படி 31 இல்லாத மாதத்தில் நிகழ்ச்சியே கிடையாது, வருடத்துக்கு ஏழுதான் வரும். கூகுள் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அவுட்லுக் மாதத்தின் கடைசி நாளுக்கு இழுத்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து பயன்படுத்தும் அலுவலகத்தில் ஜூன் 30 அன்று பாதிப் பேர் வருவார்கள்.

தாம்பரம், அடுக்குமாடி சங்கச் செயலாளர்

எங்கள் கூட்டம் மாதம் இரண்டாவது ஞாயிறு மாலை 5 மணி. கூகுள் காலண்டர் அழைப்பில், விருந்தினர்கள் நிகழ்ச்சியை மாற்றலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன், ஜனநாயகம் என்று. மூன்றாவது மாடி மாமாவின் பேரன் அவர் போனில் விளையாடும்போது கூட்டத்தை விரலால் இழுத்து அதிகாலை 5 மணிக்கு வைத்துவிட்டான். 48 வீட்டுக்கும் மாறிவிட்டது. பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றும் விஷயம் பேச வேண்டிய மாதம் அது. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று இன்றைக்கும் இரண்டு பேர் நம்புகிறார்கள். டிக்கை எடுத்துவிட்டேன்.

மறுபடியும் நான், முதலில் எழுதியவன்

கோவை அக்காவின் ராகு காலத்தை மேலாளரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அட்மின் சார், நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. புது சீரிஸை டிசம்பர் 2026 வரை போட்டேன், ரூம் டிக்ளைன். ஐந்து மாதத்துக்கு என்று சுருக்கினேன், உடனே அக்செப்ட். இனி ஐந்து மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் போடுவேன், அப்போதே யார் இன்னும் தேவை, யார் சும்மா பட்டியலில் இருக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளலாம். 23 பேரில் ஆறு பேர் ஏற்கெனவே “எங்களை விட்டுவிடுங்கள்” என்றார்கள், நன்றியோடு.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. முதலில் அதைத்தான் பார்த்தேன்.