வீட்டுப்பாட நோட்டில் பெற்றோர் கை வைக்கலாமா?

இரண்டாம் வகுப்பு அம்மா:
மகளின் ஆசிரியை நேற்று நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார்: "வீட்டில் திருத்த வேண்டாம். தப்பாக இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள்." படித்ததும் கோபம்தான் வந்தது. தினமும் ஒரு மணி நேரம் அவளோடு உட்காருகிறேன். தப்பு என்று தெரிந்தும் எப்படி விடுவது? வகுப்பில் அத்தனை பேர் நடுவில் அவள் தலைகுனிந்து நிற்கவா?

கணக்கு டீச்சர்:
நானும் அப்படி எழுதி அனுப்புகிறவள்தான், அதனால் சொல்கிறேன். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். அந்த 35 எனக்கு நிறையச் சொல்லும். 2-இலிருந்து 7 போகாது என்று பிள்ளை திருப்பிப் போட்டு, 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது இன்னும் பிடிபடவில்லை. ஒரு பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டினால் பெரும்பாலும் அன்றைக்கே புரிந்துவிடும். நீங்கள் அழித்து 25 என்று எழுத வைத்துவிட்டால், இவளுக்கு வந்துவிட்டது என்று நினைத்து நான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். மூன்று இலக்கக் கழித்தல் வரும்போது மாட்டிக்கொள்வாள்.

இரண்டாம் வகுப்பு அம்மா:
அந்த 35-ஐப் பார்த்துக் குச்சி அவிழ்க்கிற டீச்சர் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கிறார்? இவள் வகுப்பில் நாற்பது பேர். போன வருடம் தப்பான விடைக்கும் 'சரி' போட்டு வந்த பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன். நானும் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது?

ராத்திரி ஷிப்ட் அப்பா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எட்டாவதோடு நின்றவன். பையன் நாலாவது படிக்கிறான், அவன் பாடமே எனக்குப் பிடிபடவில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம்தான் அவனோடு இருக்கிறேன். என்னால் அவன் பின்தங்கிப் போவானா?

கணக்கு டீச்சர்:
போகமாட்டான் ஐயா. நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். அவன் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 'அவன் ஏன் அப்படிச் செய்தான்?' என்று கதையைப் பற்றிக் கேளுங்கள். அது போதும்.

அம்மாவுக்கு ஒன்று. அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. கணக்கு என்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த வருடம் கணக்கில் குறைவாகவே கற்றிருந்தார்கள். கணக்குப் பயமும் கூடியிருந்தது. அதே பதற்றமுள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை.

இரண்டாம் வகுப்பு அம்மா:
எனக்குக் கணக்குப் பயம் கிடையாது. பதறாத பெற்றோரின் உதவியும் கெடுத்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லையே?

கணக்கு டீச்சர்:
இல்லை, அது நியாயமான கேள்வி. உதவவே கூடாது என்று நானும் சொல்லவில்லை. நோட்டில் அழிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தப்பான கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். 'இதற்கு இருபது நிமிடம் ஆனது' என்று ஒரு வரி எழுதுங்கள். நாற்பது நோட்டுக்கு நடுவிலும் அந்த வரி கண்ணில் படும். சொல்லித்தர வேண்டுமானால் தனித்தாளில் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாம் வகுப்பு அம்மா:
நேற்றைய பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். நாலாவது கணக்கில் ரப்பர் போட்டுப் போட்டு தாளே ஓட்டையாகியிருக்கிறது. அதன்மேல் எழுதியிருப்பது என் விடை, அவளுடையது இல்லை. சரி, புள்ளி வைக்கிறேன். ஆனால் இரண்டு நாளில் பள்ளியில் கவனிக்காவிட்டால் நானே குச்சியை எடுத்துவிடுவேன். அதில் மாற்றமில்லை.

கணக்கு டீச்சர்:
தாராளமாக எடுங்கள்.

ராத்திரி ஷிப்ட் அப்பா:
இன்றைக்கு மூன்று பக்கம் வாசித்தான். ஒரு வார்த்தையில் நின்று என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டான்.