பள்ளிக்கூடத்தில் வைத்த நாவல்: யாருக்கு என்ன ஞாபகம்?

செக்காலை ரோடு:
மகள் பத்தாம் வகுப்பு. தமிழில் விரிவானம் என்று இயலுக்கு ஒரு பகுதி, அவ்வளவுதான். முன்பெல்லாம் துணைப்பாடமாக முழு நாவலே வைப்பார்களாமே? உங்களுக்கு எது வைத்தார்கள்? நிஜமாகவே படித்தீர்களா, கோனார் உரையோடு சரியா?

வளவு ஆச்சி:
எனக்குப் பி.யூ.சி.யில், அதாவது கல்லூரிப் புகுமுக வகுப்பில், மு.வ.வின் ‘அகல் விளக்கு’ தம்பி. 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் என்பதைத்தான் முதலில் நெட்டுருப் போட்டோம்.

கோனார் உரை என் கைக்கு வரவில்லை, அண்ணன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதனால் நாவலைப் படித்தே தீர வேண்டியதாயிற்று. சாயங்காலம் வீட்டின் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். ஆயா, என் பாட்டி, பக்கத்தில் ஓலைக் கொட்டான் (கூடை) முடைந்துகொண்டே கேட்பார்கள். கதை பாலாறு, வாலாசாப்பேட்டை என்று போகும். அழகும் மூளையும் உள்ள சந்திரன் வழி தவறுவான். சாதாரணமான வேலய்யன் நிதானமாக மேலே வருவான். வேலய்யன் பேச ஆரம்பித்தாலே அறிவுரைதான். ஆயா ஓலையிலிருந்து தலையெடுக்காமல், “இவன தாண்டிப் படி, அந்தப் பய என்ன ஆனான்னு சொல்லு” என்பார்கள்.

சந்திரன் பரீட்சையில் தோற்ற இடம் வந்ததும் ஓலையைக் கீழே வைத்துவிட்டார்கள். “அப்பவே கடல் தாண்டிக் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) அனுப்பியிருந்தா உருப்பட்டிருப்பான். கடையில பெட்டியடிப் பையனா, எடுபிடியா, மூணு வருஷம் இருந்தா எந்த ஆட்டமும் அடங்கும்.” ஐயா (தாத்தா) ரங்கூன் கடையை விட்டுவிட்டு 1942-இல் நடந்தே ஊர் வந்தவர். இருந்தும் ஆயாவுக்கு எல்லா வியாதிக்கும் மருந்து பர்மாதான்!

‘சந்திரனின் வீழ்ச்சிக்குக் காரணம் யாது?’ என்று பரீட்சையில் கேட்டார்கள். ஆயா சொன்னதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

கண்டனூரான்:
ஆச்சி, உங்கள் ஆயா நாவலாசிரியர் ப. சிங்காரத்தைப் படித்திருக்க வேண்டும். சிங்கம்புணரிக்காரர், சின்ன வயதிலேயே இந்தோனேசியாவில் மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். எங்களுக்கெல்லாம் அவரை யாரும் பாடமாக வைக்கவில்லை. இங்கிலீஷில் சுருக்கிய ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ வைத்தார்கள், மழையும் அநாதைப் பையனும் தவிர ஒன்றும் நினைவில்லை.

வளவு ஆச்சி:
படித்தேன் தம்பி, கல்யாணத்துக்கு அப்புறம். ‘புயலிலே ஒரு தோணி’ 1972-லேயே வந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. ‘கடலுக்கு அப்பால்’ இன்னும் பிடித்தது. நேதாஜியின் ஐ.என்.ஏ. படைக்குப் போய் வந்த செல்லையாவுக்கு முதலாளி மகள் மரகதத்தைக் கொடுக்க மாட்டார்கள். பினாங்குக் கடையில் மேலாள் (பொறுப்பாளர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்தவர்) பேசுவதெல்லாம் எங்கள் வீட்டு முகப்பில் பெரியவர்கள் பேசுகிற மாதிரியே இருக்கும். மு.வ. நல்லவர்தான், ஆனால் பதினாறு வயதில் எனக்கு இதைக் கொடுத்திருக்கலாம்.

செக்காலை ரோடு:
நன்றி ஆச்சி. மகளுக்கு எதை முதலில் கொடுக்கலாம்?

வளவு ஆச்சி:
‘கடலுக்கு அப்பால்’ கொடுங்கள், சின்னதுதான். ‘தோணி’ பரீட்சை முடிந்து லீவில். கடையில் கிடைக்கும். பழைய பதிப்பைப் பார்க்க ஆசையிருந்தால், நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள் இப்போது சென்னை தரமணியில் நூலகமாக இருக்கின்றன. அங்கே கேட்டுப் பாருங்கள்.