ஏழு கறிச் சாப்பாட்டுக்குப் பின் வயிற்று உப்புசம்: ஆப்ப சோடா கொடுக்கலாமா?

கேள்வி (ரோஸ் ஹில், மொரிஷியஸ்)
பத்து நாள் காவடி விரதம் முடிந்து, கோயிலில் பரிமாறிய ஏழு கறிச் சாப்பாட்டை என் மாமனார் இலை நிறைய இரண்டு முறை வாங்கி உண்டுவிட்டார். இப்போது வயிறு உப்பி, நெஞ்சு எரிகிறது, ஏப்பமும் வரவில்லை. ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவை எலுமிச்சைச் சாற்றில் கலந்து, நுரை அடங்குமுன் குடிக்கச் சொல்கிறார் அத்தை. மாமனார் இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர். கொடுக்கலாமா?

பதில் (மருந்தாளுநர், போர்ட் லூயிஸ்)
கொடுக்க வேண்டாம். ஆப்ப சோடா வயிற்று அமிலத்துடன் சேர்ந்தால் உப்பும் நீரும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. போதிய அமிலம் இருந்தால், ஒரே ஒரு தேக்கரண்டியிலிருந்து ஒரு லிட்டருக்கும் மேல் வாயு எழக்கூடும். அத்தை சொல்வதோ அதன் மூன்று மடங்கு. ஏற்கெனவே சோற்றால் விரிந்த இரைப்பையில் ஏப்பம் வெளியேறும் வழியும் நெருக்கப்பட்டிருந்தால், அந்த வாயு போக்கிடமின்றி இரைப்பைச் சுவரையே கிழித்துவிடலாம். இது அரிது என்றாலும், இவ்வாறு நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. வயிறு நிரம்பியிருக்கும்போது உட்கொள்ளக் கூடாது என்று ஆப்ப சோடாப் பெட்டிகள் சிலவற்றிலேயே அச்சிட்டிருக்கும். பொடி எழுத்து என்பதால் யாரும் படிப்பதில்லை.

மற்றொருவர் (கத்ர் போர்ன்)
எங்கள் பாட்டி ஆயுள் முழுவதும் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

மருந்தாளுநர்
அவர் ஒரு சிட்டிகை போட்டிருப்பார், அதுவும் வயிறு நிரம்பாத வேளையில். இங்கே அளவும் வேளையும் வேறு. மேலும், ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் உண்டு. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் ஒரு நாள் வரம்பே 2,000 மில்லிகிராமுக்குள்தான். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு இது தனியான கேடு.

இப்போது அவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள், இடுப்புத் துணியைத் தளர்த்துங்கள், முடிந்தால் மெல்ல நடக்கச் சொல்லுங்கள். உடனே படுக்க விடாதீர்கள், விரலை விட்டு வாந்தி எடுக்கவும் வேண்டாம். வயிறு பலகைபோல் இறுகித் தாங்க முடியாத வலி வந்தாலோ, வியர்வையுடன் நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, அதை அஜீரணம் என்று எண்ணிக் காத்திராமல் 114 எண்ணில் சாமுவை (மொரிஷியஸின் அவசர மருத்துவச் சேவை) அழையுங்கள்.

கேட்டவர்
சற்று நடந்தார், ஏப்பம் வந்து வயிறு தளர்ந்திருக்கிறது. எரிச்சல் மட்டும் மீதி இருக்கிறது. ஈனோ கொடுக்கலாமா?

மருந்தாளுநர்
அதிலும் இதே சோடாதான் உள்ளது. வாயுவின் பெரும்பகுதி குவளையிலேயே வெளியேறிவிடும். ஆனால் சோடியம் எங்கும் போவதில்லை. கால்சியம் கார்பனேட் மெல்லும் மாத்திரை அவருக்குப் பொருந்துமா என்று, உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டையைக் காட்டி அருகிலுள்ள ஃபார்மசியில் கேளுங்கள். பொருந்தினால், மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.