விடியற்காலை இடது மூக்கு, பத்து மணிக்கு வலது மூக்கு: ஏன் மாறி மாறி அடைக்கிறது?

கேட்பவர்: பாம்பன் கருவாட்டுக் கடைக்காரன்

இருபது வருடமாகக் கருவாடு வாங்கி விற்கிறேன். எனக்குத் தராசைவிட மூக்குதான் பெரிது. நெத்திலியை ஒரு பிடி அள்ளி முகர்ந்தாலே, உப்புக் குறைந்து கெட்டதா, பழைய சரக்கைக் கலந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். இப்போது ஒரு கவலை. விடியற்காலை சரக்குப் பார்க்கும்போது இடது துவாரம் அடைத்திருக்கிறது. பத்து மணிக்கு இடது திறந்து வலது அடைத்துக்கொள்கிறது. சளி, தும்மல் எதுவும் இல்லை. கச்சான் காற்றில் பறக்கும் மணலோ என்று பார்த்தால், காற்று ஓய்ந்த நாளிலும் இதே கதைதான். பிழைப்புக்கு ஆபத்தா?

மண்டபம் செவிலி:

பயப்படாதீர்கள் அண்ணே, எல்லா மூக்கும் செய்கிற வேலைதான். உள்ளே பக்கச் சுவரில் சுருண்ட மடிப்புகள் உண்டு. ரத்தம் நிறைந்தால் அவை உப்பி வழியைக் குறுக்கும். அப்போது மறுபக்கம் வற்றி வழிவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இது இடம் மாறும். 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்தார். மொத்தக் காற்று பெரிதாகக் குறையாததால் பலர் கவனிப்பதே இல்லை. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கத் துவாரம் அடைக்கும். நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறீர்கள்? ஒரே பக்கம் விடாமல் அடைத்தாலோ ரத்தம் வந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேவிபட்டினம் ஓய்வாசிரியர்:

இதற்குச் சரம் என்று பெயர். இடது இடகலை, வலது பிங்கலை, திருமூலரும் பாடியிருக்கிறார். மாறுவது உண்மை, பலன் பார்ப்பதுதான் வம்பு. என் மாமா சரம் பார்த்தே வள்ளம் இறக்குவார். அவர் மூக்கைத் தடவிக்கொண்டு கரையில் நிற்க, மற்றவர்கள் சீலா மீனோடு திரும்பிவிடுவார்கள். அடைப்பு தொந்தரவாக இருந்தால் எதிர்ப்பக்கக் கக்கத்தில் கையை அழுத்தி வைத்துப் பாருங்கள். யோகிகள் கக்கத்தில் ஊன்றிக்கொள்ளும் தண்டம் என்ற கோல் அதற்குத்தான்.

மண்டபம் செவிலி:

ஐயா சொல்வது சரி. அண்ணே, உங்கள் தொழிலுக்கு இது லாபம்கூட. மூக்கின் ஈரத்தில் மெதுவாகக் கரையும் வாசனை, காற்று மந்தமாக ஓடும் துவாரத்தில் நன்றாகத் தெரியும். சட்டென்று கரைவது வேகமான பக்கத்தில். 1999இல் நேச்சர் இதழில் இந்த ஆய்வு வந்தது.

பாம்பன் கருவாட்டுக் கடைக்காரன்:

இடது பக்கம் சாய்ந்துதான் தூங்குகிறேன் தங்கச்சி, குட்டு வெளிப்பட்டது. எவர்சில்வர் தட்டை மூக்கடியில் பிடித்து மூச்சு விட்டேன். வலப்பக்க ஆவி உள்ளங்கை அகலம், இடப்பக்கம் புளியங்கொட்டை அளவு. மதியம் அப்படியே தலைகீழ். சாளைக் கருவாட்டை ஒவ்வொரு துவாரமாக முகர்ந்து பார்த்து, வித்தியாசம் இருக்கிறதா என்று வீட்டுக்காரியிடமும் நீட்டினேன். “இரண்டிலும் ஒரே நாற்றம்தான், வெளியே கொண்டுபோய் வையுங்கள்” என்றாள்.