பிளாயா தெல் கார்மென் போறோம்: மணிக் கணக்கு இடிக்குது, சைவச் சாப்பாடு, டிரைவர் நம்பர் – உதவி வேணும்

டல்லாஸ்_வித்யா

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் முதல் வாரம் டல்லாஸ்ல இருந்து மெக்சிகோ பிளாயா தெல் கார்மென் போறோம். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயசுப் பொண்ணு, கும்பகோணத்துல இருந்து வந்திருக்கிற அப்பா, அம்மா. ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட். யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. பொண்ணு மட்டும் பத்து வரைக்கும் எண்ணுவா.

6ஆம் தேதி, ஞாயித்துக்கிழமை, மாயன் காலத்து இடிபாடு இருக்கிற சிச்சென் இட்சா போக ஒரு வேன் பேசியிருக்கோம். வவுச்சர்ல 06/12, 07:00ன்னு போட்டிருக்கு. ரெண்டேகால் மணி நேரப் பயணம்னு அவங்களே சொல்றாங்க. ஆனா 7 மணிக்குக் கிளம்பி 8:15க்குப் போய்ச் சேருவோமாம்! திரும்பும்போது 3 மணிக்குக் கிளம்பி 6:15க்கு ரிசார்ட்டாம். போக ஒண்ணேகால் மணி, வர மூணேகால் மணியா? நான் 5:15க்கு வந்துடுவோம்னு நம்பி அன்னிக்கு ராத்திரி 6:30க்கு ரிசார்ட் ரெஸ்டாரன்ட்ல டேபிள் சொல்லி வெச்சுட்டேன். இது அச்சுப் பிழையா?

டிரைவர்கிட்டயே கேக்கலாம்னா அவர் நம்பரை சேவ் பண்ணினாலும் வாட்ஸ்அப்புல வர மாட்டேங்குது. +52க்கு அப்புறம் 1, அப்புறம் பத்து இலக்கம்.

அப்பா, அம்மா முட்டைகூடத் தொட மாட்டாங்க. ரிசார்ட்ல 'வெஜிடேரியன் ஆப்ஷன்ஸ் உண்டு'ன்னு ஒரே வரியில பதில். நம்பலாமா?

கடைசியா ஒண்ணு, சிரிக்காதீங்க. ராத்திரி ரெஸ்டாரன்ட்ல ஆம்பளைங்க ஷார்ட்ஸ் போடக்கூடாதாம். அப்பா வேட்டியில வரலாமா?

சீனு_ஹூஸ்டன்

நாங்க ஜூலையில போனோம், அங்க மணியும் நம்ம டெக்சஸ் மணியும் ஒண்ணுதான். போன்ல எதுவுமே மாறல. அச்சுப் பிழையாதான் இருக்கும். வேன்காரங்களுக்கு மெயில் போடுங்க.

வேட்டிக்கு என் ஓட்டு உண்டு.

குவாதலஹாரா_குமார்

பிழை இல்லீங்க, அட்டவணை சரியா இருக்கு. பிளாயா தெல் கார்மென், கான்குன், துலும் எல்லாம் கின்தானா ரோ மாநிலம். சிச்சென் இட்சா பக்கத்து யுகத்தான் மாநிலம். 2015 பிப்ரவரியில கின்தானா ரோ மட்டும் கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுக்கிச்சு, டூரிஸ்டுகளுக்குச் சாயங்கால வெளிச்சம் கூடுதலாக் கிடைக்கணும்னு. யுகத்தான் பழைய நேரத்துலயே நின்னுடுச்சு. 2022ல மெக்சிகோவுல கோடைகால நேர மாற்றத்தையும் அநேகமா எல்லா இடத்துலயும் எடுத்துட்டாங்க. அதனால வருஷம் முழுக்க இந்த ரெண்டு மாநிலத்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்.

போகும்போது எல்லை தாண்டினதும் ஒரு மணி நேரம் உங்களுக்கு லாபம், வரும்போது அதே நஷ்டம். சீனு சொன்னது ஜூலைக்குச் சரி, அப்போ டெக்சஸும் கின்தானா ரோவும் ஒரே நேரம். டிசம்பர்ல டெக்சஸ் ஒரு மணி பின்னாடி போயிடும். அப்போ சிச்சென் இட்சாவுலதான் டல்லாஸ் மணி ஓடும், ரிசார்ட்ல ஒரு மணி கூட.

போனை நம்பாதீங்க. எல்லைப் பக்கம் டவர் எதைப் பிடிக்குதோ அந்த மணியைக் காட்டும். யாராவது ஒருத்தர் கைக்கடியாரத்தை ரிசார்ட் நேரத்துக்கு வெச்சுட்டுத் தொடாம இருங்க. யார்கிட்ட நேரம் பேசினாலும் கூடவே "ஓரா தே கின்தானா ரோ?" (கின்தானா ரோ நேரமா?)ன்னு கேட்டுடுங்க. அங்க உள்ளவங்களுக்கு இது தினசரிக் கேள்வி, யாரும் விசித்திரமாப் பாக்க மாட்டாங்க.

அட்டவணைப்படி 6:15க்கு ரிசார்ட்னா 6:30 டேபிளுக்கு வழியே இல்ல. அதுவும் டிசம்பர் முதல் பன்னெண்டு நாள் ரோடு வேற மாதிரி இருக்கும். 12ஆம் தேதி குவாதலூப்பே மாதா திருநாள். ஊர் ஊரா இளைஞர்கள் கையில தீப்பந்தத்தோட நெடுஞ்சாலை ஓரமா ஓடி வருவாங்க, முன்னாடி மாதா படம் கட்டின வண்டி, பின்னாடி சைக்கிள், தண்ணி ஏத்தின லாரி. பழனி பாதயாத்திரை சீசன்ல திண்டுக்கல் ரோட்டுல கார் ஓட்டியிருந்தா உங்களுக்குப் பழகின விஷயம். டிரைவர் வேகத்தைக் குறைப்பார், அவசரப்படுத்தாதீங்க.

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை வேண்டாம். தொல்லியல் துறை இடங்கள்ல அன்னிக்கு மெக்சிகோக்காரங்களுக்கும் இங்க வசிக்கிறவங்களுக்கும் நுழைவு இலவசம், கூட்டம் அள்ளும். திங்கள் 7ஆம் தேதிக்கு மாத்துங்க. 8 மணிக்குத் திறக்கும், 4 மணிக்கு மேல உள்ள விட மாட்டாங்க. டிக்கெட் ரெண்டு தனித்தனி, மத்திய அரசுக்கு ஒண்ணு, மாநிலத்துக்கு ஒண்ணு. பெசோ நோட்டு கையில இருக்கட்டும். அப்பா, அம்மாவோட போறதால பகல் 12:30, 1 மணிக்கே கிளம்பிடுங்க. உள்ள நிழல் ரொம்பக் குறைவு.

நம்பர் விஷயம் சுலபம். அந்த 1ஐ எடுத்துடுங்க. முன்னாடி வெளிநாட்டுல இருந்து மெக்சிகோ மொபைலைக் கூப்பிட அது தேவைப்பட்டுச்சு. 2019 ஆகஸ்ட்ல இருந்து +52, பத்து இலக்கம், அவ்வளவுதான். பழைய விசிட்டிங் கார்டுகள்ல இன்னும் அந்த 1 ஒட்டிக்கிட்டு இருக்கு. இங்க வேன், கடை, டாக்டர், சலூன் எல்லாமே வாட்ஸ்அப்புலதான் நடக்குது. மெயில் அனுப்பிட்டுக் காத்திருக்காதீங்க.

தேதியும் கவனம். இங்க நாள் முன்னாடி, மாசம் பின்னாடி, நம்ம ஊர் மாதிரி. அமெரிக்கப் பழக்கத்துல 06/12ஐ ஜூன்னு படிச்சுடாதீங்க. நீங்க எழுதும்போது மாசத்தை எழுத்துலயே எழுதிடுங்க: 7 தே தீசியெம்ப்ரே.

யோகா_மெரிதா

வித்யா, சாப்பாட்டுக்கு நான் சொல்றேன். யுகத்தான்லயே குடியிருக்கேன், வீட்ல சைவம்.

'வெஜிடேரியன்'னு மட்டும் சொன்னா போதாதும்மா. இங்க 'கார்னே'ன்னா பல பேருக்கு மாட்டுக்கறியும் பன்னிக்கறியும்தான். கோழி அந்தக் கணக்குல வராது. சமைக்கிறவங்க ஏமாத்தணும்னு நினைக்கிறதில்ல, நல்ல மனசோடதான் கோழி சூப்பைக் கொண்டு வந்து வைப்பாங்க. அதனால பேர் பேரா சொல்லணும்: "நோ கொமேமோஸ் கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி உவேவோ." கறி, கோழி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டோம்னு அர்த்தம். இதை ஒரு அட்டையில ஸ்பானிஷ்லயே எழுதி அம்மா கைப்பையில வெச்சுடுங்க.

கண்ணுக்குத் தெரியாம உள்ள போறது ரெண்டு. சிவப்புச் சோத்துலயும் சூப்புலயும் கோழி வேகவெச்ச தண்ணி. மசிச்ச பீன்ஸ்ல பன்னிக் கொழுப்பு, இங்க 'மன்தேகா'ம்பாங்க. "யேவா கால்தோ தே போயோ?", "யேவா மன்தேகா?" – இந்த ரெண்டு கேள்வியையும் ஒவ்வொரு தட்டுக்கும் கேளுங்க. பொதுவா 'இதுல கறி இருக்கா'ன்னு கேட்டா 'இல்ல'ன்னுதான் வரும். கோதுமை டார்ட்டியாவுல (இங்கத்த சப்பாத்தி) கொழுப்பு சேர்க்கிறது உண்டு. சோள டார்ட்டியா பெரும்பாலும் சோளமாவும் தண்ணியும்தான், வெறும் தோசைக்கல்லுல போட்டு எடுப்பாங்க. பொரிச்சதா இருந்தா எண்ணெய் என்னன்னு கேக்கணும்.

என்ன சாப்பிடலாம்னா, பூசணிப்பூ வெச்ச கெசதியா (சீஸ் வெச்சு மடிச்ச டார்ட்டியா), சப்பாத்திக்கள்ளி மடலை வதக்கித் தர்ற நோபால், பச்சை மிளகாய்க் கீத்தை க்ரீம்ல போட்ட ராஹாஸ், வேகவெச்ச சோளத்துல எலுமிச்சை பிழிஞ்சது (மயோனைஸ் வேண்டாம்னு சொல்லுங்க, அதுல முட்டை). சாயோத்தேன்னு ஒரு காய் வரும், அம்மா பாத்ததும் சௌசௌன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. அதோட சொந்த ஊரே இந்தப் பக்கம்தான். மேஜை மேல ஆரஞ்சு நிறத்துல சின்னக் கிண்ணம் இருந்தா அது ஆபனேரோ மிளகாய். நம்ம ஆந்திரா ஊறுகாய் வீரர்கள்கூட முதல்ல நாக்கு நுனியில வெச்சுப் பாக்கறது நல்லது.

ரிசார்ட்ல இறங்கின அன்னிக்கே பஃபேல இருக்கிற தலைமை சமையல்காரரை நேர்ல பாத்துடுங்க. சாப்பாட்டு நேரத்துல வேண்டாம், நாலு மணி வாக்குல. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. "புவெனாஸ் தார்தேஸ்"னு முதல்ல வணக்கம் சொல்லி, எப்படி இருக்கீங்கன்னு கேட்டு, அப்புறம் அட்டையைக் காட்டுங்க. இது சின்ன விஷயமாத் தெரியும். ஆனா வணக்கம் சொல்லாம நேரா விஷயத்துக்கு வர்றது இங்க முரட்டுத்தனம். அமெரிக்க வேகத்துல 'எக்ஸ்க்யூஸ் மீ, டூ யூ ஹேவ்'னு ஆரம்பிச்சா பதில் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். மத்தியானம் வரைக்கும் புவெனோஸ் தியாஸ், அப்புறம் இருட்டுற வரைக்கும் புவெனாஸ் தார்தேஸ், அதுக்கு மேல புவெனாஸ் நோச்சேஸ். லிஃப்ட்ல ஏறினாலும் சொல்லுவாங்க. சாப்பிட்டுட்டு இருக்கிறவங்களைத் தாண்டிப் போனா "ப்ரொவேச்சோ" (நல்லாச் சாப்பிடுங்க)ம்பாங்க, தெரியாதவங்ககூட. நீங்க "கிராசியாஸ்" சொன்னா போதும்.

வெளியில சாப்பிட்டா பில் தானா வராது. நீங்க கேக்காம கொண்டு வந்து வெச்சா 'எழுந்து போ'ன்னு சொல்ற மாதிரின்னு அவங்க நினைக்கிறாங்க. கையைத் தூக்கி "லா குவென்தா, போர் ஃபவோர்." டிப்ஸ் 10ல இருந்து 15 சதவீதம். பில்லுல ஏற்கெனவே 'செர்வீசியோ' (சர்வீஸ் சார்ஜ்) சேர்த்திருக்கான்னு பாத்துக்குங்க. மெனுவுல இருக்கிற டாலர் குறி பெசோவுக்கும் அதேதான், 180ன்னு பாத்து அப்பா பதறிடப் போறார்.

ஆஸ்டின்_முரளி

யோகா அக்கா நல்லாச் சொல்லிட்டாங்க. எனக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கான்குன் ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் தாண்டினதும், வெளிக்கதவுக்கு முன்னாடி, யூனிஃபார்ம் மாதிரி சட்டை போட்டவங்க 'உங்க வேன் எது, பேர் சொல்லுங்க'ன்னு கூப்பிடுவாங்க. நிக்காதீங்க. அவங்க டைம்ஷேர் (வருஷத்துல சில நாள் ரிசார்ட்ல தங்குற உரிமை) விக்கிறவங்க. உங்க டிரைவர் கட்டடத்துக்கு வெளியில பேர்ப் பலகையோட நிப்பார். ரிசார்ட்லயும் மறுநாள் காலையில 'வரவேற்புக் காலை உணவு, தொண்ணூறு நிமிஷம்தான், மசாஜ் இலவசம்'னு அழைப்பு வரும். அரை நாள் போயிடும். அங்க மட்டும் மரியாதை பாக்காம "நோ, கிராசியாஸ்"னு சிரிச்சுட்டே நடக்கணும். யாராவது மயங்கிக் கையெழுத்துப் போட்டுட்டாலும் மெக்சிகோ சட்டப்படி ஐந்து வேலை நாளுக்குள்ள எழுத்துல கொடுத்து ரத்து பண்ணலாம்.

செக்-இன்ல சுற்றுச்சூழல் வரின்னு ராத்திரிக் கணக்குல கொஞ்சம் கேப்பாங்க, அது நிஜமான வரிதான்.

டல்லாஸ்_வித்யா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 1ஐ எடுத்ததும் டிரைவர் படமே வந்துடுச்சு. யோகா சொன்னபடி புவெனாஸ் தார்தேஸ்ல ஆரம்பிச்சு, மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டு, 7ஆம் தேதிக்கு மாத்தலாமா, 'ஓரா தே கின்தானா ரோ'வான்னு கேட்டேன். பத்து நிமிஷத்துல குரல் பதிவு வந்துச்சு. பொண்ணு கேட்டுட்டு 'சியெத்தேன்னா ஏழும்மா!'ன்னு குதிக்கிறா. எழுத்துலயும் அனுப்பச் சொல்லி வாங்கிட்டேன்: திங்கள், 7 டிசம்பர், 7 மணி, கின்தானா ரோ நேரம், லாபி. அங்கிருந்து யுகத்தான் நேரம் 12:30க்குக் கிளம்பறோம்.

அப்போ 7ஆம் தேதிக்கு வெச்சிருந்த கொசுமெல் தீவுப் படகை ஞாயித்துக்கிழமைக்குக் கொண்டு வரேன். அன்னிக்கு 6:30 டேபிளும் தப்பிச்சுது. படகு டிசம்பர்ல ஆட்டுமா? அம்மாவுக்கு பஸ்லயே தலை சுத்தும்.

குவாதலஹாரா_குமார்

நல்ல முடிவு. படகு முக்கால் மணி நேரம். டிசம்பர்ல 'நோர்த்தே'ன்னு வடக்கத்திக் காத்து அடிக்கும், அடிச்சா ஒண்ணு ரெண்டு நாள் விடாது. முதல்நாள் ராத்திரி காத்து நிலவரம் பாருங்க. காத்து பலமா இருந்தா துறைமுகத்தையே மூடிடுவாங்க, அதனால டிக்கெட்டை அன்னிக்குக் காலையிலயே வாங்கிக்கலாம். அம்மாவைக் கீழ்த்தளத்துல, பின்பக்கமா உக்கார வைங்க. கடற்கரையில சிவப்புக் கொடி பறந்தா குளிக்க இறங்காதீங்க, கறுப்புன்னா கடல் மூடியாச்சுன்னு அர்த்தம்.

வேட்டிக்கு யாரும் ஒழுங்கா பதில் சொல்லல. விதி என்னன்னா கால் மறையணும், கை இல்லாத பனியன் கூடாது, ரப்பர் செருப்பு கூடாது. வேட்டியை மடிச்சுக் கட்டாம சட்டையோட வந்தா ஒரு தடையும் இருக்காதுன்னுதான் தோணுது. வாசல்ல நிக்க வெச்சுப் பேச வேண்டாம், அன்னிக்குக் காலையில வரவேற்பு மேஜையில படத்தைக் காட்டிக் கேட்டுடுங்க. செருப்புதான் சிக்கல், ஷூவோ மூடின செருப்போ எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

சீனு_ஹூஸ்டன்

ரூம்ல குளிக்கும்போது குழாயில C போட்டிருந்தா வெந்நீர், F தான் பச்சைத் தண்ணி. பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லிடுங்க. டிப்ஸுக்கு ஒரு டாலர் நோட்டு எடுத்துட்டுப் போங்க, இல்ல பெசோ. அமெரிக்கச் சில்லறையை அங்க யாரும் மாத்தித் தர மாட்டாங்க, ரூம் சுத்தம் பண்ற அக்காவுக்கு அதைக் கொடுத்தா பிரயோஜனமே இல்ல.

டல்லாஸ்_வித்யா

குறிச்சுக்கிட்டேன். அப்பா தோல் செருப்பு போட்டுக்கிறேங்கிறார், ஷூவுக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.