புதுப்பிப்பு: வால் முளைத்த ஆல்ஜினேட் மணிகள்

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்த ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை, கால்சியம் பட்டால் இறுகிவிடும்) கரைசலைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டினால் மணிகள் தலைப்பிரட்டை மாதிரி வாலோடு வருகின்றன, மருந்தும் தங்குவதில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். வால் போய்விட்டது. 4 சதவீதக் கரைசல் பாகு மாதிரி இழுத்ததுதான் காரணம். 2 சதவீதமாக்கியதும் சவ்வரிசி போல உருண்டு விழுந்தன.

மருந்து கசிந்ததற்கு நானேதான் காரணம். தண்ணீரில் எளிதாகக் கரையும் மருந்தை ராத்திரி முழுக்கக் கால்சியம் குளோரைடில் ஊறப்போட்டால் நிற்குமா? இப்போது 10 நிமிடம்தான். அப்புறம் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்த கைட்டோசானில் ஒரு முக்கு. அதன் நேர்மின்னூட்டம் ஆல்ஜினேட்டின் எதிர்மின்னூட்டத்தோடு பிணைந்து மேலே தோலாகிவிடுகிறது. கைட்டோசான் இறால் ஓட்டிலிருந்து வருவது. காசிமேட்டில் குவியும் ஓட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துவேன், இனி மாட்டேன்.

வயிற்றில் இருப்பது போன்ற அமிலத்தில் போட்டுப் பார்த்தேன், மணி அசையவில்லை. குடலுக்கு ஈடான 6.8 பிஎச் (அமிலத்தன்மை அளவு) பாஸ்பேட் கரைசலில் மட்டும் இப்போதும் சீக்கிரமே உப்பி உடைகிறது. மணியை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தைப் பாஸ்பேட் பிடுங்கிவிடுகிறது. அடுத்து கைட்டோசானைக் கூட்டிப் பார்க்கிறேன்.