போனில் இருப்பிடம் தவறாகக் காட்டுகிறது: ஆன்டெனாவா, போர்டா?

கம்பத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி கம்பமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றி ஜீப் ஓட்டுகிறான். மலைப்பாதை என்பதால் வீட்டில் பார்ப்பதற்கு இருப்பிடப் பகிர்வு வைத்திருக்கிறோம். இப்போது அவன் நெடுங்கண்டத்தில் நிற்கும்போதும் வரைபடம் கம்பத்தையே காட்டுகிறது. பிறகு திடீரென்று பல கிலோமீட்டர் தாவுகிறது. அம்மா தவித்துப்போகிறார்.

ஆண்ட்ராய்டு 13, இரட்டை சிம். மே மாதம் உடைந்த திரையை மாற்றிய பிறகுதான் இந்தக் கோளாறு. இருப்பிட அனுமதி, துல்லிய இருப்பிடம், பேட்டரி சேமிப்பு எல்லாம் சரிபார்த்தாயிற்று. நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமைத்தேன். கடைசியில் போனில் உள்ளதையெல்லாம் முழுதாக அழித்தும் பார்த்தேன், பலனில்லை.

மலை மறைக்கிறது என்கிறார் கடைக்காரர். என்னால் ஏற்க முடியவில்லை. திறந்த வயல்வெளியில் செயற்கைக்கோள் சோதனைச் செயலியைத் திறந்தால், பக்கத்தில் வைத்த என் போன் உடனே பிடிக்கிறது; அவனுடையது ஒரு செயற்கைக்கோளைக்கூடப் பிடிப்பதில்லை. செல்கோபுரமும் வைஃபையும் தரும் தோராயக் கணக்கில்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

திரை மாற்றும்போது ஜிபிஎஸ் ஆன்டெனாவின் தொடுமுனை விலகியிருந்தால் அதை மட்டும் சரிசெய்ய முடியுமா, அல்லது போனின் மதர்போர்டையே மாற்ற வேண்டுமா?